ஹைபிரிட் காருக்கு ஒயில் மாற்றும் நாள்: மீற்றரைப் பார்த்தால் மட்டும் போதாது

என்னுடைய கார் 2013ஆம் ஆண்டு ஜப்பானில் பதிவான டொயோட்டா அக்வா, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட். வீடு கொக்குவிலில், வேலை யாழ்ப்பாண நகரில், வைத்தியசாலை ஆய்வுகூடத்தில். இடைத்தூரம் நான்கு கிலோமீற்றர்தான். 2022இல் பெற்றோல் வரிசையும் கியூ.ஆர். பங்கீடும் வந்தபோது அந்த நான்கு கிலோமீற்றரையும் பெரும்பாலும் சைக்கிளில் போனேன். கார் கிழமைக்கு ஓரிரு தடவை, சந்தைக்கும் இரவுக் கடமைக்கும் மட்டும் வெளியே போய் வந்தது. ஒன்பது மாதத்தில் ஓடியது 1,100 கிலோமீற்றர். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சேர்விஸ் துண்டு 5,000 கிலோமீற்றர் வரை தவணை கொடுத்திருந்தது. அதனால் ஒயிலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

ஒரு காலை, ஒயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஒயில் மேற்குறியையும் தாண்டி நின்றது. குறைந்திருந்தால்கூட விளங்கும், யாரும் ஊற்றாமலே கூடியிருந்தது. வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்தபோது பெற்றோல் மணம் அடித்தது. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அதன் உட்புறத்தில் பால் தேநீர் நிறத்தில் ஒரு படை. ஆய்வுகூடத்தில் மாதிரியின் நிறத்தையும் தெளிவையும் பார்த்துத்தான் என் நாள் தொடங்கும். அந்தத் துணியும் மூடியும் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது: ஒயிலுக்குள் பெற்றோலும் தண்ணீரும் சேர்ந்திருந்தன.

இது ஏன் நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் எப்போது மாற்றுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கிறது. எரிவில் பிறக்கும் நீராவியும் கொஞ்சம் கீழே இறங்கிக் குளிர்ந்து தண்ணீராகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டிலேயே அரை மணி நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். சாதாரணக் காரில் எஞ்சின் விடாமல் ஓடுவதால் சிறிய பயணத்திலும் ஓரளவு சூடேறும். ஹைபிரிட் காரிலோ சந்தியில் நின்றால் எஞ்சின் நிற்கிறது, மெதுவாக ஊர்ந்தால் மின்மோட்டார் இழுக்கிறது. நான்கு கிலோமீற்றர் போய் இறங்கும்போது எஞ்சின் ஓடிய நேரம் சில நிமிடங்கள்தான். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் சூடானதும் மீற்றர் பலகையின் நீல விளக்கு அணைந்துவிடும். ஒயில் அதற்குப் பிந்தியே சூடாகும்.

"ஹைபிரிட்டில் எஞ்சின் பாதித் தூரம்தான் ஓடுகிறது, அதனால் ஒயில் இரட்டிப்புக் காலம் தாங்கும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எஞ்சின் குறைவாக ஓடுவது உண்மை. ஆனால் ஓடும் நேரத்தில் பெரும்பங்கு, ஒயில் கெடுவதற்கு ஏற்ற நேரம்.

இதற்கு நேர்மாறான பயம் ஒன்றும் உண்டு: அடிக்கடி நின்று நின்று தொடங்குவதால் எஞ்சின் தேய்ந்துவிடும் என்பது. அது பெரிதாகக் கவலைப்பட வேண்டிய விடயம் அல்ல. டொயோட்டா ஹைபிரிட்டில் மின்மோட்டார் ஒன்று எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 சுற்று வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே பெற்றோல் தெளிக்கப்படுகிறது. அதற்குள் ஒயில் பம்பும் சுழன்று அழுத்தம் ஏறத் தொடங்கிவிடும். பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரைவிட இது எஞ்சினுக்கு மென்மையானது. அந்தச் சில கணங்களில் மேலே ஏறுவது நல்ல ஒயிலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதால் யாரும் அதைப் புரட்டுவதில்லை. நான் கைபேசியின் மொழிபெயர்ப்புக் கமராவைப் பக்கத்துக்கு நேரே பிடித்து வாசித்தேன். சாதாரணப் பாவனைக்கு ஒயில் மாற்றம் 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம். கடும் பாவனைக்கு அதில் பாதி: 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். எது முந்துகிறதோ அது. கடும் பாவனை என்றால் மலைப்பாதை, கரடுமுரடான தெரு, வருடத்துக்கு 20,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம் என்று ஒரு பட்டியல். அதில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றர் அளவான குறுந்தூர ஓட்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. வைத்தியசாலை, பாடசாலை, சந்தை, கோயில் என்று ஓடும் எங்கள் கார்கள் எல்லாமே அந்த வரிக்குள் அடங்கிவிடும்.

ஆகவே நகருக்குள் ஓடும் ஹைபிரிட்டுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஆறு மாதம். தைப்பொங்கல் முடிந்ததும் ஒன்று, ஆடிப்பிறப்பு முடிந்ததும் ஒன்று. எனக்கு அதற்குள் 2,500 கிலோமீற்றர்கூட ஏறாது; ஆனாலும் மாற்றிவிடுவேன். உங்களுக்கு ஆறு மாதத்துக்குள் 5,000 கிலோமீற்றர் முந்திவிட்டால் அப்போதே மாற்றுங்கள். என் மைத்துனர் பிரியஸ் காரில் கொழும்புக்கு ஹயர் ஓடுகிறார். மாதம் 3,000 கிலோமீற்றர், அநேகமாக முழுவதும் நெடுந்தூர ஓட்டம். அவர் 7,500இல் மாற்றுகிறார், அது அவருக்குச் சரி. அவருடைய காரில் 7,500 ஓடிய ஒயிலையும் என் காரில் 1,100 ஓடிய அந்த ஒயிலையும் பக்கத்தில் வைத்தால் நான் அவருடையதைத்தான் என் எஞ்சினுக்குள் விடுவேன்.

கிழமைக்கு ஒரு தடவையாவது காரை அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே சீராக ஓட்டுங்கள். நான் ஞாயிறு தோறும் பருத்தித்துறைக்கு, அம்மாவிடம் போகிறேன். போக 30 கிலோமீற்றர், வர 30. அந்தப் பழக்கம் வந்த பிறகு மூடியின் உட்புறத்தில் அந்தப் படையை நான் காணவில்லை.

அடுத்தது எந்த ஒயில் என்பது. அக்வாவுக்கு 0டபிள்யூ-20 என்ற தடிப்புக் குறியீடுள்ள ஒயில். அது கிடைக்காத நெருக்கடியில் கையேடு அனுமதிக்கும் 5டபிள்யூ-30 ஊற்றலாம். "எங்கள் வெயிலுக்குத் தண்ணீர் மாதிரி ஒயில் நிற்காது" என்று 20டபிள்யூ-50ஐ ஊற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். 0டபிள்யூ-20இல் பின்னால் வரும் 20 என்பது 100 பாகை சூட்டில் உள்ள தடிப்பைக் குறிக்கிறது. வெளியே 28 பாகையா 35 பாகையா என்பதால் ஓடும் எஞ்சினின் உட்சூடு பெரிதாக மாறுவதில்லை. நாளுக்கு நூறு தடவை நின்று தொடங்கும் எஞ்சினுக்கு, உடனே ஏறும் மெல்லிய ஒயில்தான் வேண்டும்.

அளவிலும் கவனம் வேண்டும். அக்வாவின் 1.5 லீற்றர் எஞ்சினுக்குப் பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர், பில்டர் மாற்றாவிட்டால் 3.4 லீற்றர். கடையில் விற்பதோ 4 லீற்றர் கான். ஒரு கராஜில் கான் முழுவதையும் கவிழ்த்து ஊற்றிவிட்டு, "கொஞ்சம் கூடினால் நல்லதுதான்" என்றார்கள். நல்லதல்ல. அளவு கூடினால் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரையேறிய ஒயில் சரியாக அழுத்தம் தராது. அன்றிலிருந்து நானே மாற்றுகிறேன்.

மாற்றுவதற்கு முன் ஒயில் இளஞ்சூடாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் போதும். பிறகு காரை அணைத்து, திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். "ரெடி" விளக்கு எரிந்தால் எஞ்சின் சத்தமில்லாமல் நின்றாலும் கார் உயிரோடுதான் இருக்கிறது. பற்றரி இறங்கினால் எந்த நேரமும் எஞ்சின் தானாகத் தொடங்கும். நீங்கள் கீழே படுத்திருக்கும்போது அது நடக்கக் கூடாது. ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே போகவும் கூடாது, தாங்கிகளை வையுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள்.

கீழே இரண்டு இடங்களில் நட்டு இருக்கும். எஞ்சின் சாரதிப் பக்கம், கியர்ப்பெட்டி இடதுபக்கம். சாரதிப் பக்கத்துச் சம்ப் (ஒயில் தேங்கும் அடித்தட்டு) நட்டைத்தான் 14 மில்லிமீற்றர் சாவியால் கழற்ற வேண்டும். வடிவது கறுப்பு அல்லது கடும் பழுப்பாக இருக்க வேண்டும். சிவப்பாக வந்தால் அது கியர்ப்பெட்டி ஒயில். உடனே பூட்டிவிட்டு, எவ்வளவு வடிந்ததோ அதே அளவு அதற்குரிய ஒயிலை நிரப்பாமல் காரை நகர்த்தாதீர்கள். பத்து நிமிடம் வடியவிட்டு, புதிய வொஷர் போட்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கத்தை அளக்கும் சாவி (டோர்க் ரென்ச்) இருந்தால் 38 நியூட்டன் மீற்றர். அடிக்கிற இறுக்கு வேண்டாம், சம்பின் திருகுப்புரி போய்விடும். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் கொஞ்சம் புது ஒயில் பூசி, கையால் சுற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்குங்கள்.

முதலில் 3.4 லீற்றர் ஊற்றுங்கள். இப்போது எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும். இங்கேதான் ஹைபிரிட் பலரைத் திகைக்க வைக்கும்: பற்றரியில் மின் இருந்தால் "ரெடி" வந்தாலும் எஞ்சின் ஓடாது. அதற்குப் பராமரிப்பு நிலை என்று ஒன்று இருக்கிறது. சமதரையில் ஹாண்ட் பிறேக் போட்டு, பிறேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். அறுபது செக்கனுக்குள், பார்க் (P) நிலையில் அக்சிலேற்றரை முழுவதும் இரண்டு தடவை மிதித்து விடுங்கள். நியூட்ரல் (N) நிலைக்கு மாற்றி இரண்டு தடவை, மறுபடி பார்க் (P) நிலையில் இரண்டு தடவை. பிறகு பிறேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் தொடங்கி நிற்காமல் ஓடும். ஒயில் விளக்கு அணைந்ததா, நட்டிலும் பில்டரிலும் கசிவு உண்டா என்று பாருங்கள். பிறகு அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். அணைத்ததும் பராமரிப்பு நிலை நீங்கிவிடும்.

ஒயில் மாத்திரம் எஞ்சினைக் காக்காது. குளிரூட்டும் திரவம் இளஞ்சிவப்பு நிறத்தில் வருவது. குறைந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் மண்ணின் தண்ணீர் கேத்தலில் எப்படி வெள்ளைப் படை படிய வைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரேடியேற்றருக்குள்ளும் அதையே செய்யும். காரணமில்லாமல் திரவம் குறைந்துகொண்டே போய், காலையில் எஞ்சின் தொடங்கும்போது சில செக்கன் கடகடவென்று நடுங்கினால் ஹெட் கஸ்கட்டை (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் (2009 முதல் 2015 வரை வந்தது) வைத்திருப்பவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். அவற்றில் புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். குளிராக்கி கரியால் அடைபடுவது அறியப்பட்ட குறை. நீண்ட நாள் மாற்றாத ஒயிலின் ஆவியும் அந்தக் கரியோடு சேர்ந்து உள்வழியில் பிசுபிசுப்பாகப் படியும். 100,000 கிலோமீற்றர் தாண்டிய காரில் அதைக் கழற்றித் துப்புரவாக்குவது செலவுக்குத் தகும்.

ஒரு சிறிய கொப்பி வையுங்கள். திகதி, மீற்றர், ஒயிலின் வகை, ஊற்றிய அளவு, மாதமொருமுறை டிப்ஸ்டிக் நின்ற இடம். மட்டம் குறைந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. கூடினால் பெற்றோல் கலக்கிறது. இரண்டையும் விளக்கு எரிவதற்கு வெகு முன்னரே கொப்பி காட்டிவிடும்.

வடித்த பழைய ஒயிலை வளவு மூலையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் மிதந்த நாட்களை நாங்கள் கண்டிருக்கிறோம்; இந்த மண்ணில் மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போகும். நான் அதைக் காலியான 4 லீற்றர் கானிலேயே திருப்பி நிரப்பி, மூடியை இறுக்கி, பழைய ஒயில் சேர்க்கும் கராஜ் ஒன்றில் கொடுத்துவிடுகிறேன். புதுக் கானில் மிஞ்சிய 300 மில்லிலீற்றர் மட்டும் வெயில் படாத அலுமாரித் தட்டில், திகதி எழுதிய துண்டோடு நிற்கும்.