ஒடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட கூலண்ட் நிப்பிளை எடுப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் காரை நிறுத்தினால் மீதி இடத்தில் ஒரு ஆட்டோ போகலாம், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து வைத்து, ஹீட்டர் ஹோஸை மாற்ற இறங்கினேன். (சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். ஹீட்டரே போடாவிட்டாலும் பல கார்களில் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் அந்த ஹோஸ் வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.) ஹோஸ் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். டக்! பாதி நிப்பிள் ஹோஸோடு கையில், மீதிப் பாதி இன்ஜினின் அலுமினிய ஓட்டைக்குள்.

நிப்பிள் என்பது இன்ஜினையும் ரப்பர் ஹோஸையும் இணைக்கும் கருப்புக் குழாய்த் துண்டு. பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். 90 டிகிரி சூட்டில் ஓடும் கூலண்டில் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, சில வருடங்களில் அப்பளம் போல நொறுங்கும். கூலண்டுக்குப் பதிலாக நம்ம ஏரியா போர் தண்ணீரை ஊற்றிய வண்டி என்றால் இன்னும் மோசம். உப்பு அலுமினியத்தை அரித்து, அந்த வெள்ளைப் பொடி நிப்பிளைச் சுற்றிச் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அதனால்தான் இழுத்தால் வராது. துண்டைச் சுருக்கினால்தான் வரும்.

வேலையை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே தொடங்குங்கள். ராத்திரி நிறுத்திய வண்டியை விடியற்காலையில் தொடுவது நல்லது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலண்டை அகலமான பேசினில் பிடித்து மூடியுள்ள கேனில் ஊற்றி வையுங்கள். அது இனிக்கும் விஷம், தெரு நாய்கள் நக்கிவிடும்.

அடுத்து, கழற்றும் முன்பே புது நிப்பிளை வாங்கிவிடுங்கள். புதுப்பேட்டைக்குப் போனாலும் சரி, பக்கத்து ஸ்பேர்ஸ் கடைக்குப் போனாலும் சரி, ஒடிந்த பாதியைக் கையோடு எடுத்துப் போங்கள். புதியதைப் பார்த்தால் சுவர் எவ்வளவு தடிமன், எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது என்று தெரிந்துவிடும். அதில் மரை இருந்தால் உங்களுடையது திருகிக் கழற்றும் வகை. நான் சொல்லப்போவது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தோடு அழுத்திச் செருகும் வகைக்கு.

இப்போது ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள். பழைய பனியன் துணியைச் சுருட்டி, நூல் கட்டி, துண்டைத் தாண்டி உள்ளே தள்ளுங்கள். நூலின் நுனி வெளியே தொங்கட்டும். பஞ்சு, டிஷ்யூ வேண்டாம், பிய்ந்துவிடும். பிளாஸ்டிக் சில்லு உள்ளே போனால் கூலண்டோடு சுற்றிப் போய் எங்காவது அடைத்துக்கொள்ளும்.

எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, “தம்பி, ஒரு ஸ்க்ரூவைப் போட்டு இழு, வந்துடும்” என்றார். போட்டேன். இன்னும் இறுகியது. ஸ்க்ரூ உள்ளே ஏற ஏறத் துண்டு விரியத்தானே செய்யும்! சாலிடரிங் அயர்ன் வைத்து உருக்கும் யோசனையும் வந்தது. உருகிய பிளாஸ்டிக் ஓட்டைச் சுவரில் அப்பிக்கொண்டால் இரட்டை வேலை என்பதால் விட்டுவிட்டேன்.

எனக்குக் கைகொடுத்தது ஆக்ஸா பிளேடு. பாதி உடைந்த பிளேடு போதும். பிடிக்கும் பக்கம் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பற்கள் உங்களைப் பார்த்து இருக்கட்டும். அப்போதுதான் இழுக்கும்போது அறுக்கும், தூளும் வெளியே வரும். துண்டின் உள்சுவரில் நீளவாக்கில் ஒரு கோடு அறுங்கள். விரல் அகலம் தள்ளி இன்னொன்று. அவசரமே வேண்டாம், எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தூளின் நிறத்தைக் கவனியுங்கள்: கருப்பாக வரும்வரை பிளாஸ்டிக். வெள்ளியாக மின்னினால் அலுமினியத்தைத் தொட்டுவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். அலுமினியத்தில் நீளக் கீறல் விழுந்தால் ஓ-ரிங்கைத் தாண்டி கூலண்ட் அந்த வழியாகக் கசியும். காகிதத் தடிமனுக்குப் பிளாஸ்டிக் மிச்சமிருக்கும்போதே நிறுத்துவது பாதுகாப்பு.

சின்ன ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரண்டு கோடுகளுக்கு நடுவே, பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் இடையில் வைத்து, துண்டை உள்பக்கமாக நெம்புங்கள். சுத்தியல் வேண்டாம். அந்தப் பட்டை ஒடிந்து வந்துவிட்டால் மீதி வளையம் தளர்ந்துவிடும். நோஸ் பிளையரால் பிடித்து உள்பக்கம் மடக்கி வெளியே எடுங்கள்.

துணியை இன்னும் எடுக்காதீர்கள். பழைய ஓ-ரிங் உள்ளே ஒட்டியிருந்தால் பல்குச்சியால் எடுங்கள். வெள்ளைப் பொடியை 400 நம்பர் எமரி பேப்பரை நனைத்து, வட்டமாக, லேசாகத் தேயுங்கள். துடைத்துவிட்டு, அப்புறம்தான் நூலைப் பிடித்துத் துணியை இழுக்க வேண்டும்.

புது நிப்பிளின் ஓ-ரிங்கைக் கூலண்டிலேயே நனைத்து, நிப்பிளைச் செருகுங்கள். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகலாம். புது ஹோஸை மாட்டி, அதைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பை அளவோடு இறுக்குங்கள். பழைய ஹோஸ் அடுத்த முனையிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்காமல் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். எப்படியும் குப்பைக்குப் போகிற ஹோஸ்தானே. இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு இத்தனை வேலை இருந்திருக்காது.

தண்ணீர் கலக்காத கூலண்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, காற்றுக்குமிழி அடங்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்து, ஆறவிட்டு, அளவைச் சரிசெய்யுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள்.

மறுநாள் என் அட்டையில் ஈரம் இருந்தது. பதறிக் குனிந்தேன். பச்சை நிறம் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. அது முன் டயருக்குத் தினமும் வரும் நாயின் வேலை.