காணொளியில் ஓடும் கார் யார் கணக்கில் ஓடுகிறது?

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் மேலே வெள்ளை நிறக் கார் ஒன்று மெதுவாகப் போகிறது. அடுத்த காட்சியில் குற்றாலத்து விடுதி ஒன்றின் நீச்சல் குளம். அதற்கடுத்த காட்சியில் கைநிறையத் தங்க வளையல்கள். முப்பது நொடிக்குள் முடிந்துவிடும் இந்த ரீல்ஸைப் பார்க்கிறவர் மூன்றும் அந்த இன்ஃப்ளுயன்சர் சம்பாதித்து வாங்கியவை என்றே எடுத்துக்கொள்கிறார். பாளையங்கோட்டையில் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, இத்தகைய காட்சியைப் பார்த்ததும் எழும் கேள்வி வேறு. காரின் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது, விடுதியின் பில் யார் பெயரில் போடப்பட்டது, வளையல்கள் சாயங்காலம் கடைக்குத் திரும்பிவிட்டனவா என்பவையே அந்தக் கேள்விகள். சேனல் தொடங்கி, பணம் வரத் தொடங்கியிருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பின்பற்ற வேண்டிய முறையையும் இந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்கலாம்.

திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளும் நான்கு வழிகளில் ஒன்றின் மூலம் வந்திருக்கும். சொந்தப் பணத்தில் வாங்கியது, இரவல் அல்லது வாடகைக்கு எடுத்தது, விளம்பரத்துக்கு ஈடாக நிறுவனம் கொடுத்தது, கடனில் வாங்கியது. முதல் வழியில் வந்தது நாம் நினைப்பதைவிடக் குறைவு. மூன்றாவது வழியைத் தொழிலில் இருப்பவர்கள் 'பார்ட்டர் கொலாப்' என்பார்கள். அதாவது பணம் கைமாறாது, பொருள் வரும், அதற்குப் பதிலாகக் காணொளி போட வேண்டும். எனவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு நோட்டிலோ கணினியிலோ படப்பிடிப்பில் பயன்பட்ட விலையுயர்ந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, அது இந்த நான்கில் எது என்று குறித்து வைப்பதாகும். மற்ற கணக்கெல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

பணமாக வரும் வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். யூடியூபில் நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளருக்கு வருகிறது. ஷார்ட்ஸில் அவருக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடு வருகிறது. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் மாதத்தின் 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையில் பணம் அனுப்பப்படுகிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்த பங்குக்கு மட்டும் அந்நாட்டு வரி பிடிக்கப்படும். வரித் தகவல் படிவத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தால் அது 15 விழுக்காட்டோடு நிற்கும், நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 விழுக்காடு வரை போகலாம். அங்கே பிடித்த வரிக்கு இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது கழிவு கேட்க முடியும் என்பதால், அந்த விவரத்தை மாதந்தோறும் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர் நகைக்கடையோ துணிக்கடையோ வங்கி வழியாகக் கொடுக்கும் விளம்பரத் தொகை இதைவிட நேரடியானது. பில் எழுதிக் கொடுத்து, டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி, பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சிக்கல் எல்லாம் பொருளாக வரும் வருமானத்தில்தான் இருக்கிறது. "அண்ணாச்சி, அவங்க சும்மா குடுத்த போனுக்கு நான் எதுக்கு வரி கட்டணும்?" என்று கேட்காத பிள்ளை எங்கள் அலுவலகப் படியேறியதில்லை. யாரும் யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை என்பதே வருமான வரிச் சட்டத்தின் பார்வை. தொழிலின் காரணமாகக் கிடைக்கும் எந்தப் பலனும், பணமாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும், தொழில் வருமானமே. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 194ஆர் பிரிவின்படி, ஒரு நிறுவனம் ஒருவருக்கு ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இவ்வாறு பலன் கொடுத்தால் 10 விழுக்காடு வரி பிடித்தம் செய்யப்பட வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறினாலும், வரி பிடிக்கும் அடிப்படை அதேதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 18 லட்சம் உள்ள ஒருவருக்கு, 1,20,000 ரூபாய் மதிப்புள்ள கைப்பேசியை ஒரு நிறுவனம் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வருமானத்தின் மேல்தட்டு 20 விழுக்காட்டு அடுக்கில் இருப்பதால் அந்தக் கைப்பேசிக்கு வரி 24,000 ரூபாய், அந்த வரியின் மேல் 4 விழுக்காடு செஸ் என்னும் கூடுதல் வரி 960 ரூபாய், ஆக மொத்தம் 24,960 ரூபாய் ஆகிறது. நிறுவனம் 12,000 ரூபாயைப் பிடித்துக் கட்டியிருந்தாலும் மீதி 12,960 ரூபாயை அவர் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டும். கைப்பேசியோ ஒரு ரூபாய்கூட ரொக்கமாகத் தரவில்லை. இப்படி ஆண்டில் பத்துப் பொருள்கள் வந்தால், வீடு நிறையப் பொருள் இருக்கும். வரி கட்டும் தேதியில் வங்கியில் பணம் இருக்காது. பளபளப்பான வாழ்க்கையைக் காட்டிக்கொண்டே வட்டிக்குப் பணம் தேடும் நிலை உருவாவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பொருளைப் பயன்படுத்திக் காணொளி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது. திருப்பிக் கொடுத்த பொருள் பலனாகக் கருதப்படாது என்று நேரடி வரிகள் மத்திய வாரியம் 2022இல் வெளியிட்ட 12ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது. ஆனால் திருப்பிக் கொடுத்ததற்குக் கூரியர் ரசீதோ, கடைக்காரர் கையெழுத்திட்ட சீட்டோ இருக்க வேண்டும். இரண்டாவது, பொருளோடு சேர்த்து அதற்கான வரித் தொகையையும் பணமாகக் கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது. கேட்கக் கூச்சப்படுகிறார்கள், கேட்டால் கொடுக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. மூன்றாவது, வேண்டாம் என்று சொல்லிவிடுவது. வைத்துக்கொண்டு தொழிலுக்கே பயன்படுத்தும் பொருளாக இருந்தால், வருமானமாகக் காட்டிய மதிப்பின் மேல் தேய்மானம், அதாவது ஆண்டுதோறும் குறையும் மதிப்பைச் செலவாகக் கழிக்கும் சலுகை, கேட்கலாம் என்பது சிறிய ஆறுதல்.

உள்ளூர்க் கடைகளின் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டாத, தனிநபர் நடத்தும் கடைக்கு, கொடுக்கும் பொருளுக்கு மேலே சொன்ன 10 விழுக்காட்டு வரியைப் பிடிக்கும் கடமை இல்லை. அதனால் வீரவநல்லூர்ச் சேலையோ பத்தமடைப் பட்டுப்பாயோ கடைக்காரர் கொடுத்தால் வரி பிடிக்கப்படாமல் வரக்கூடும். பிடிக்கவில்லை என்பதற்காக அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. அதன் சந்தை மதிப்பை நீங்களே உங்கள் வருமானத்தில் சேர்க்க வேண்டும்.

பயணச் செலவில் பில்லின் பெயர் முக்கியம். நிறுவனம் உங்களைச் சென்னைக்கு அழைத்து, விமானச் சீட்டையும் அறையையும் தன் பெயரில் பில் போட்டு எடுத்தால், அது நிறுவனத்தின் செலவு. நீங்கள் உங்கள் பெயரில் எடுத்து, பிறகு அந்தத் தொகையை வாங்கிக்கொண்டால் அது உங்களுக்குக் கிடைத்த பலனாகப் பார்க்கப்படும். அதை வருமானத்தில் காட்டி, செலவாகவும் காட்டிக் கழிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். ஆகவே தூத்துக்குடியிலிருந்து ஏறுவதற்கு முன்பே, பில் அவர்கள் பெயரில் இருக்கட்டும் என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

இனி நீங்களே செய்யும் செலவுகளைப் பார்ப்போம். தொழிலுக்காக மட்டுமே முழுமையாகச் செய்த செலவைத்தான் கழிக்க முடியும் என்பது சட்டம். உணவகங்களை மதிப்பிடும் சேனல் நடத்துகிறவர் டவுனில் வாங்கிய அல்வாவும், பிரியாணிக் கடையில் கேமரா முன்னால் சாப்பிட்டதும் தொழில் செலவுகள்; அதே நபர் தம் அக்காள் மகள் சடங்குக்குப் போட்ட பந்திச் செலவு, அதைக் காணொளியாகப் போட்டிருந்தாலும், வீட்டுச் செலவுதான். கேமரா, மைக், விளக்கு, எடிட்டருக்குக் கொடுக்கும் கூலி, இணையக் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு, வீட்டின் ஓர் அறையை ஸ்டுடியோவாக வைத்திருந்தால் மின்கட்டணத்தில் அதற்குரிய பங்கு ஆகியவற்றைத் தயங்காமல் எழுதலாம். அன்றாடம் உடுத்தும் சட்டையும் கைக்கடிகாரமும், அவை திரையில் தெரிகின்றன என்பதால் மட்டும் தொழில் செலவாகிவிடா. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு ஏற்கப்படாது என்பதையும், கேமரா பிடிக்கும் தம்பிக்குக் கொடுக்கும் சம்பளமும் நியாயமான அளவில் வங்கி வழியாகப் போக வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார் வாங்கினால் வரி மிச்சமாகும் என்ற பேச்சு இந்தத் தொழிலில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. மாதத் தவணை முழுவதும் செலவு என்று நினைக்கிறார்கள். தவணையில் அசல் பகுதி செலவே இல்லை; வட்டியும் தேய்மானமும், அவற்றிலும் தொழிலுக்கு ஓடிய பங்கும் மட்டுமே செலவு. 12 லட்ச ரூபாய்க் காருக்கு ஆண்டுத் தேய்மானம் 15 விழுக்காடு, அதாவது 1,80,000 ரூபாய். அறுபது விழுக்காடு ஓட்டம் தொழிலுக்கு என்றால் 1,08,000 ரூபாய். நிதியாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான், 54,000 ரூபாய். இருபது விழுக்காட்டு அடுக்கில் முழு ஆண்டுத் தேய்மானத்தால் மிச்சமாகும் வரி 21,600 ரூபாய் அளவே. ஜிஎஸ்டியில் பதிவு செய்தவராக இருந்தாலும் இப்படிப்பட்ட காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற முடியாது, கேமராவுக்கு முடியும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். காட்சிக்கு ஒரு நாள் கார் வேண்டுமானால் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைச் செலவில் எழுதுவதே என் யோசனை.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் சேவை வழங்குபவரின் ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வரும் யூடியூப் பணமும், பார்ட்டராக வந்த பொருள்களின் மதிப்பும் இந்த 20 லட்சத்தில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பதிவு செய்த பிறகு உள்ளூர் விளம்பரத்துக்கு 18 விழுக்காடு வசூலித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டு வரவு ஏற்றுமதியாகக் கருதப்படுவதால், ஆண்டுதோறும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்துவிட்டு வரியில்லாமல் பெறலாம்.

நம் பக்கத்தில் கார் என்றாலே ஒரு காலத்தில் கார் பருவ நெல் சாகுபடிதான் நினைவுக்கு வரும். தாமிரபரணித் தண்ணீரில் கார் விளைந்ததும் எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிடாமல், அடுத்த பருவமான பிசானத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். விளம்பர வருவாயும் பருவம் பார்த்து வருவதுதான். தீபாவளியை ஒட்டிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விலை ஏறி, ஜனவரி பிறந்ததும் இறங்கிவிடும். எனவே தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, வரும் ஒவ்வொரு தொகையிலும் ஏறக்குறைய 30 விழுக்காட்டை வந்த அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றி, மீதியிலிருந்து மாதம் ஒரு நிலையான தொகையை மட்டும் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால் முன்வரி கட்ட வேண்டும். ஜூன் 15க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் என்பது அதன் ஒழுங்கு. ஒதுக்கி வைத்த கணக்கு இந்த நான்கு தேதிகளுக்காகத்தான். ஏதேனும் ஒரு தேதிக்கு முந்தைய வாரம் புதுக் கைப்பேசி வந்திறங்கினால், அதன் மதிப்பையும் அந்தத் தவணைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

பெரிய தொகையோடு வரும் சில அழைப்புகளைக் கணக்கு எழுதுவதற்கு முன்பே நிராகரிக்க வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரம் செய்தால் 2025ஆம் ஆண்டின் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு. மற்ற விளம்பரங்களிலும், பணமோ பொருளோ வாங்கியிருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நுகர்வோர் நலத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அந்த அறிவிப்பு, காணொளி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், பார்க்கவும் கேட்கவும் எளிதான வகையில் இருக்க வேண்டும். தமிழில் பேசிவிட்டு, மூலையில் ஆங்கில எழுத்தைச் சிறிதாகப் போடுவது அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரையும் அடுத்தடுத்த முறைகளுக்கு 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும் என்பதால், இதுவும் ஒரு வகையில் செலவுக் கணக்கைச் சேர்ந்ததே.

கணக்குத் தாக்கல் செய்யும்போது தொழிலின் குறியீட்டைச் சரியாகப் போட வேண்டும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து சமூக ஊடக இன்ஃப்ளுயன்சர்களுக்கென்றே 16021 என்ற குறியீடு வந்திருக்கிறது. வரவில் சட்டம் சொல்லும் குறிப்பிட்ட பங்கை லாபமாக அனுமானித்துக் காட்டும் எளிய முறையைத் தேர்ந்தால், மேலே சொன்ன செலவுகளைத் தனித்தனியாகக் கழிக்க முடியாது. எது உங்களுக்கு ஆதாயம் என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து, இரண்டு வகையிலும் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அப்படி உட்காரும்போது வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டும் கொண்டு வராதீர்கள். கடைகளில் இப்போது கொடுக்கும் வழவழப்பான தாள் பில், நம் ஊர் வெயிலில் இரண்டே மாதத்தில் வெற்றுத் தாளாகிவிடுகிறது. வாங்கிய அன்றே படமெடுத்து, எந்தக் காணொளிக்காக அந்தச் செலவு என்பதைக் கோப்பின் பெயராகவே எழுதி வைத்துவிடுங்கள்.