ஆங்கிலச் சொல்லையும் பகுதி, விகுதி பிரிக்கலாம்

மாலையில் என்னிடம் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘நடந்தனன்’ என்று சொன்னால் போதும். நட + த்(ந்) + த் + அன் + அன் என்று மளமளவென்று பிரித்து எழுதிவிடுகிறார்கள். அவர்களே ‘டிரான்ஸ்போர்ட்டேஷன்’ என்றதும் எழுத்து எழுத்தாக உருப்போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பகுபத உறுப்பிலக்கணம் பழகிய கைக்கு ஆங்கிலச் சொல்லும் பிரியும்.

நோட்டில் ஒரு வேர்ச்சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ‘போர்ட்’டில் தொடங்கலாம். சுமத்தல் என்று பொருள்படும் லத்தீன் வேர் அது. உள்ளே சுமந்தால் இம்போர்ட், வெளியே சுமந்தால் எக்ஸ்போர்ட், செய்தியைத் திரும்பச் சுமந்து வந்தால் ரிப்போர்ட். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரும் இந்தக் குடும்பம்தான். ஏர்போர்ட்டை மட்டும் இங்கே சேர்க்காதீர்கள். அதிலுள்ள ‘போர்ட்’ துறைமுகத்தைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

அடுத்து சந்தியைக் கவனியுங்கள். உள்ளே என்பதற்கு முன்னொட்டு ‘இன்’. அது ஏன் ‘இம்’ ஆனது? ‘ப’ சொல்ல உதடு மூட வேண்டும். அதற்கு முந்திய ‘ன்’ இணங்கி ‘ம்’ ஆகிவிட்டது. மரம் + கள், மரங்கள் ஆவதும் இப்படித்தான். எதிர்மறையைக் குறிக்கும் இன்னொரு ‘இன்’ இருக்கிறது. அது இம்பாசிபிளில் ‘எம்’, இல்லீகலில் ‘எல்’, இர்ரெகுலரில் ‘ஆர்’ ஆகிறது. அந்த இரட்டை எல், இரட்டை ஆர் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிட்டால் பிறகு எழுத்துப்பிழை வராது.

வெட்டும் இடத்தை ஊகிக்காதீர்கள். ஹெலிகாப்டரை எல்லோரும் ஹெலி, காப்டர் என்றே பிரிப்பார்கள். உண்மையில் அது ‘ஹெலிகோ’, ‘ப்டெர்’. கிரேக்கத்தில் முன்னது சுருள், பின்னது சிறகு. 1861-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இரண்டையும் சேர்த்து இச்சொல்லை உருவாக்கினார். டெரோடாக்டில் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரில், ஒலிக்காத ‘பி’யுடன் தொடங்குவதும் அதே சிறகுதான்.

ஒவ்வொரு பக்கத்தையும் சொற்பிறப்புக் குறிப்புள்ள அகராதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்ற மாதம் ஒரு மாணவி, ‘கேட்டலாக்’ இருந்த கிரேக்க முன்னொட்டுப் பக்கத்தில் ‘கேட்டமரான்’ என்பதையும் எழுதியிருந்தாள். அகராதியைத் திறந்து காட்டினேன். மூலமொழி தமிழ் என்றிருந்தது. அவள் அந்த வரியை அடித்துவிட்டு, புதுப் பக்கத்தின் தலைப்பில் எழுதினாள்: கட்டு + மரம்.