ஒரே வருடத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு சார்ட் போடுவது எப்படி? 1888-ஐ வைத்து ஒரு செய்முறை

நாமக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டுப் பரணில் கொள்ளுத்தாத்தாவின் ஜாதகம் கிடைத்தது. ‘சர்வதாரி வருஷம், ஐப்பசி மாதம்’ என்று ஆரம்பிக்கிறது. அதைப் போட்டோ எடுத்து வந்து, டெல்லியில் எங்கள் ஆர்.கே.புரம் வீட்டில் மகளிடம் காட்டினேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். “அந்த வருஷம் வேற யாரெல்லாம் பொறந்தாங்க?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அவங்கெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருப்பாங்களா?” என்று இன்னொரு கேள்வி.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பிறந்த தேதிகளை மட்டும் ஒட்டி வைத்தால் அது வெறும் பெயர்ப் பட்டியல். ஒரே வயதில் யார் எங்கே இருந்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தக் காலமே கண்முன் வரும். நாங்கள் செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். ஒரு சார்ட் பேப்பர், ஸ்கேல், பென்சில், இரண்டு கலர் பேனா போதும்.

படி 1: வருடத்தை உறுதி செய்யுங்கள்

தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சர்வதாரி என்றால் 1828, 1888, 1948, 2008 எதுவாகவும் இருக்கலாம். பேரன் பேத்திகளின் வயதை வைத்துக் கணக்குப் போட்டு, எங்களுக்கு 1888 என்று முடிவானது. இன்னொன்றையும் பாருங்கள். தமிழ் வருடம் சித்திரையில்தான் தொடங்கும். 1888 பிப்ரவரியில் பிறந்த குழந்தைக்கு ஜாதகத்தில் சர்வதாரி இருக்காது, அதற்கு முந்தைய சர்வசித்துதான் இருக்கும்.

கணிதமேதை ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. பத்து நாளில் நம் சார்ட்டைத் தவறவிட்டுவிட்டார்! மகளுக்கு அவரை விட மனமில்லை. ஆனால் ஒரு வருடம் என்று எடுத்துக்கொண்டால் அதில் உறுதியாக நிற்க வேண்டும்.

படி 2: ஐந்து பேர் போதும்

இணையத்தில் தேடினால் நூறு பெயர் வரும். தொலைக்காட்சிக்கு வழி வகுத்த ஜான் லோகி பேர்டு, கவிஞர் டி.எஸ்.எலியட் எல்லாரும் 1888-தான். ஆனால் முதல் சார்ட்டுக்கு, வாழ்க்கைகள் ஒன்றையொன்று தொடக்கூடிய ஆட்களாக எடுங்கள். எங்கள் ஐந்து பேர்:

ராதாகிருஷ்ணன், செப்டம்பர் 5, திருத்தணி.
நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, அக்டோபர் 19, மோகனூர்.
சி.வி.ராமன், நவம்பர் 7, திருச்சி.
மௌலானா அபுல் கலாம் ஆசாத், நவம்பர் 11, மெக்கா.
சுதந்திரப் போராட்ட வீரர் ஆச்சார்ய கிருபளானி, அதே நவம்பர் 11, சிந்து மாகாணத்து ஹைதராபாத்.

ராதாகிருஷ்ணனைத் தவிர மற்ற நால்வரும் கொள்ளுத்தாத்தாவைப் போல ஐப்பசிக்காரர்கள். ஊர்களை ஒரு சின்ன வரைபடத்தில் குறித்துச் சார்ட்டின் மூலையில் ஒட்டுங்கள். மெக்காவில் பிறந்தவரும் மோகனூரில் பிறந்தவரும் ஒரே சுதந்திரப் போராட்டத்துக்கு வந்து சேர்ந்ததைப் பிள்ளைகள் அதில்தான் முதலில் கவனிப்பார்கள்.

படி 3: சந்தேகம் இருந்தால் பென்சில்

உறுதியான தேதியைப் பேனாவால் எழுதுங்கள், சந்தேகமானதைப் பென்சிலால். ராதாகிருஷ்ணனின் தேதி பென்சிலில்தான் இருக்க வேண்டும். நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் செப்டம்பர் 5, அதிகாரப்பூர்வமான தேதி. ஆனால் அவர் தம் பிறந்தநாளை 1887 செப்டம்பர் 20 என்றே நம்பினார் என்று அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான சர்வபள்ளி கோபால் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் குடும்பங்களில் இது சகஜம். மறைக்காமல் சார்ட்டிலேயே ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

படி 4: கட்டம் போடுங்கள்

மேலே ஐந்து பெயர்கள், இடது ஓரத்தில் ஆண்டுகள். ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் வயது. இந்த வயதுக் கணக்கில்தான் எல்லாரும் தவறுவார்கள். ராமன் விளைவு கண்டறியப்பட்டது 1928 பிப்ரவரி 28. 1928-லிருந்து 1888-ஐக் கழித்தால் 40. ஆனால் அவர் பிறந்தது நவம்பரில், அதனால் அன்று அவருக்கு 39-தான் முடிந்திருந்தது. நம் ஐவருமே வருடக் கடைசியில் பிறந்தவர்கள். அதனால் பெரும்பாலான நிகழ்வுகளுக்கு ஒன்று குறைத்துப் போடுங்கள்.

படி 5: குறுக்கே படியுங்கள்

மேலிருந்து கீழே படித்தால் ஒருவருடைய வரலாறு. இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லா ஆண்டும் வேண்டாம். இரண்டு பேருக்காவது எதாவது நடந்த ஆண்டுகளை மட்டும் எடுங்கள்.

1917. எல்லாருக்கும் 28 வயது. ராமன் கல்கத்தாவில் அரசு நிதித்துறை வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் போகிறார். அதே ஆண்டு பீகாரின் முசாபர்பூரில் கல்லூரி ஆசிரியராக இருந்த கிருபளானி, அவுரி விவசாயிகளுக்காகச் சம்பாரண் போகும் வழியில் வந்து இறங்கிய காந்தியை வரவேற்கிறார். அதோடு அந்தக் கல்லூரி வேலையும் முடிகிறது. ஒருவர் கல்லூரிக்குள் வருகிறார், இன்னொருவர் வெளியே போகிறார். ஆசாத் அப்போது ராஞ்சியில் காவலில் இருக்கிறார்.

1921. ராதாகிருஷ்ணன் மைசூரிலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார். அங்கே ராமன் ஏற்கெனவே பேராசிரியர். ஆசாத் பத்திரிகை நடத்தியதும் அதே ஊரில்தான். ஆக, மூன்று பேர் ஒரே நகரத்தில்! சார்ட்டில் மூன்று கட்டத்தையும் ஒரே கலரால் வளைத்துக் காட்டுங்கள்.

1930. ராமனுக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு ஏப்ரலில், அவர் பிறந்த திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகப் படை நடந்து போகிறது. அவர்கள் பாடிக்கொண்டே போன பாட்டை எழுதியவர் நாமக்கல் கவிஞர்.

1942. எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்துக்கு அடுத்த நாள், ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ஆசாத்தும் கிருபளானியும் கைதானார்கள். அகமதுநகர் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். ஒரே நாளில் பிறந்த இருவருக்கும் 54 வயது முடிந்த அந்த நவம்பர் 11 ஒரே சிறைக்குள் போயிருக்கிறது. மகளின் கேள்விக்கு இந்தக் கட்டத்தில்தான் முழுப் பதில் கிடைத்தது.

1948. மறுபடியும் சர்வதாரி! அறுபதாம் கல்யாண வருடம். ராமன் ஓய்வு பெற்று, பெங்களூரில் தம் பெயரிலேயே ஆராய்ச்சி நிறுவனம் தொடங்குகிறார். ஆசாத் நாட்டின் முதல் கல்வி அமைச்சர். பல்கலைக்கழகக் கல்விக்கு அரசு அமைத்த குழுவின் தலைவர் ராதாகிருஷ்ணன். நம்மில் பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் இவர்கள் மூன்று பேரும் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள்.

1954-ஐயும் விட்டுவிடாதீர்கள். முதல் பாரத ரத்னா மூவருக்குக் கிடைத்தது: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன். இரண்டு பேர் நம் சார்ட்டில். ராஜாஜி 1878, சரியாகப் பத்து வருடம் மூத்தவர்.

1963. நேரு அரசின் மீது மக்களவையில் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவர் கிருபளானி. அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் ராதாகிருஷ்ணன். இருவருக்கும் 74.

படி 6: வெளியே கூட்டிப் போங்கள்

டெல்லியில் இருப்பவர்களுக்கு இது சுலபம். ஜாமா மசூதி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், மசூதிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ஆசாத்தின் சமாதி இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், அப்புறம் கூட்டம் தாங்காது. 1963 வரிக்கு, நாடாளுமன்றத்திலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை எவ்வளவு பக்கம் என்று ரைசினா குன்று ரோட்டில் நின்று காட்டுங்கள்.

படி 7: ஆறாவது பத்தி

ஐந்து பேருக்கு அப்புறம் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, அதே ஆண்டில் பிறந்த உங்கள் குடும்பத்து ஆள் ஒருவரின் பெயரை எழுதுங்கள். அதே வருடங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். முக்கால்வாசிக் கட்டம் காலியாகத்தான் இருக்கும், இருக்கட்டும். எங்களுக்கு இதுவரை ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. தோட்டத்துக் கிணற்றின் உள்சுவரில் ஒரு கல்லில் வருடம் வெட்டியிருக்கும் என்று பெரியத்தைக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார்: 1917.