லங்காஷயர் பஞ்சாலைகள்: பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் வடமேற்கே, பஞ்சாலைகளுக்குப் பேர்போன லங்காஷயரில், மான்செஸ்டர் பக்கம் போகிறவர்கள் தவறாமல் படம் எடுக்கும் கட்டடம் ஒன்று உண்டு. சிவப்புச் செங்கல், ஐந்தாறு மாடி, வரிசை வரிசையாக ஜன்னல், பக்கத்தில் நெடிய புகைபோக்கி. படத்துக்குக் கீழே ‘விக்டோரியா காலப் பஞ்சாலை’ என்று போட்டுவிடுவார்கள். அது சரியாக இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

முதலில் காலம். விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. பஞ்சாலை முன்னோடி ரிச்சர்ட் ஆர்க்ரைட் டெர்பிஷயரின் குரோம்ஃபோர்டில் ஆலை தொடங்கியது 1771இல், மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டையல் கிராமத்தின் குவாரி பேங்க் ஆலை 1784இல். இரண்டுமே அரசி பிறக்கும் முன்பே ஓடியவை. இன்னொரு பக்கம், பளபளக்கும் செங்கலும் அகன்ற ஜன்னலுமாக மிரட்டும் பெரிய ஆலைகளில் பல அவர் இறந்த பிறகு வந்தவை. விகன் நகரின் டிரென்செர்ஃபீல்ட் ஆலை 1907இல் கட்டியது. தண்ணீர் விசையில் ஓடியதென்றால் பழசு, நீராவி என்றால் புதுசு என்ற கணக்கும் உதவாது. நம் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880களில் தொடங்கிய ஆலை தாமிரபரணித் தண்ணீரில்தான் ஓடியது.

பஞ்சாலைப் பட்டியலில் யார்க்‌ஷயரின் சால்ட்டேர் ஊரைச் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. 1853இல் டைட்டஸ் சால்ட் திறந்த அந்த ஆலை அழகானது, ஊரே உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் அங்கே ஓடியது கம்பளியும், அல்பாகா என்ற தென்னமெரிக்க விலங்கின் ரோமமும். இரண்டு பகுதிக்கும் நடுவே ஓடும் பென்னைன் மலைக்கு மேற்கே பஞ்சு, கிழக்கே கம்பளி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

நூற்பாலையையும் நெசவாலையையும் ஒன்றாகப் பார்ப்பது இதைவிடப் பெரிய தவறு. விக்டோரியா காலத்தின் பிற்பாதியில் ஓல்டாம் பக்கம் நூற்பு, பர்ன்லி பக்கம் நெசவு என்று ஊர்களே பிரிந்துபோயின. கட்டடமும் அப்படியே பிரிந்தது. நூற்பு மாடி மாடியாக ஏறலாம். நூற்றுக்கணக்கில் விசைத்தறிகள் சேர்ந்து அடிக்கிற அடிக்குத் தரையே வேண்டும். அதனால் நெசவுக்கு ஒற்றைத் தளக் கொட்டகை. கூரை ரம்பப்பல் வடிவம், கண்ணாடி வடக்கே பார்த்திருக்கும். நேர் வெயில் விழாது, நிழலும் விழாது, அறுந்த நூல் உடனே கண்ணில் படும். பர்ன்லி அருகே ஹார்ல் சைக்கில் உள்ள குவீன் ஸ்ட்ரீட் மில் 1982 வரை நீராவியில் தறி ஓட்டியது. வாசலில் நின்று பார்த்தால் அதன் கொட்டகை கண்ணிலேயே படாது. ஓர் அலுவலகக் கட்டடமும் புகைபோக்கியும்தான் தெரியும்.

ஜன்னல்கள் பெரிதானது முதலாளியின் தாராள மனசால் என்று சிலர் எழுதுகிறார்கள். காரணம் மியூல் என்ற நூற்பு எந்திரம். சக்கரம் வைத்த நீண்ட வண்டி ஒன்று, அதில் நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள் ஆயிரத்துக்கும் மேல். வண்டி சுமார் ஐந்தடி வெளியே வரும்போது நூல் இழுபட்டு முறுக்கேறும், உள்ளே போகும்போது சுற்றிக்கொள்ளும். இரண்டு வண்டிகள் எதிரெதிரே ஓட, நடுவில் எண்ணெய் ஊறிய மரத்தரையில் வெறுங்காலோடு ஆட்கள் நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுவார்கள். எந்திரம் நூறடிக்கு மேல் நீண்டபோது ஆலையும் அகலமானது. நடுப்பகுதி இருட்டாகாமல் இருக்க ஜன்னல் உயர்ந்தது. அதைத் திறந்து காற்று வாங்கவும் முடியாது, ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும்.

வார்ப்பிரும்புத் தூணைக் கண்டதும் ‘தீப்பிடிக்காத கட்டடம்’ என்று நம்பிவிடாதீர்கள். அன்றைய விளம்பரமே அதுதான். தூண்கள், உத்தரங்கள், உத்தரங்களுக்கு நடுவே சிறு செங்கல் வளைவுகள் என்று கட்டினால் மரத்துக்கு வேலை குறையும், உண்மைதான். ஆனால் வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையில் திடீரென உடையும். 1844இல் ஓல்டாமில் இந்த முறையில் எழுந்த ஆலை ஒன்று உத்தரம் முறிந்து சரிந்ததில் 20 பேர் இறந்தார்கள். நெருப்பே இல்லாமல்! நெருப்பு வந்தாலும் கதை மோசம்தான். சூடேறிய தூணில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். பஞ்சைப் பிரித்துத் தூசு நீக்கும் பிளோ ரூம்தான் சீக்கிரம் பற்றும் இடம் என்பது கோயம்புத்தூர் மில்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. லங்காஷயரிலும் அதைத் தடித்த சுவர் எழுப்பித் தனியே பிரித்தார்கள்.

மாடிப்படிக் கோபுரம் வெறும் பகட்டல்ல. 1880களிலிருந்து அதன் உச்சியில் தீயணைப்புக் குழாய்களுக்கான தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்தது. பக்கத்துக் குளமும் அழகுக்கு வெட்டியதல்ல, இயந்திரத்திலிருந்து வரும் நீராவியைக் குளிரவைக்கத்தான். பகட்டு பார்க்கவேண்டுமென்றால் இயந்திர அறைக்குப் போங்கள்.

குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுதும்போது எல்லாக் கொடுமையையும் ஒரே காலத்தில் போட்டுக் குவிக்கிறோம். 1833 சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழே பஞ்சாலை வேலையைத் தடுத்தது. 1844 சட்டம் அதை எட்டாகக் குறைத்து, அரை நாள் வேலை அரை நாள் பள்ளி என்றாக்கியது. முன்னேற்றம் நேர்கோட்டில் வரவில்லை. அந்த அரை நேர முறைக்கு முடிவு கட்டியதே 1918 சட்டம்தான்.

கடைசியாக நம்மவர்கள் செய்யும் தவறு: இந்தியப் பஞ்சில்தான் லங்காஷயர் ஓடியது என்பது. 1861க்கு முன் அங்கே லிவர்பூல் துறைமுகம் வழியாக வந்திறங்கியதில் பெரும்பங்கு அமெரிக்கத் தெற்கில் அடிமைகள் பறித்த பஞ்சு. உள்நாட்டுப் போரில் அது நின்று ஆலைகள் மூடியபோதுதான் சூரத் பஞ்சுக்குக் கிராக்கி வந்தது. இழை குட்டை, அடிக்கடி அறும். அதில் வேலை செய்தவர்கள் வெறுத்தார்கள். இந்தியா அவர்களுக்கு முதன்மையாகத் துணி விற்கும் சந்தை. சென்னையில் பக்கிங்காம் மில் 1876இல் தொடங்கியது, மற்ற ஊர்களிலும் மில்கள் பெருகின, லங்காஷயர் சும்மா இருக்கவில்லை. வருமானத்துக்காக இறக்குமதித் துணிக்கு பிரிட்டிஷ் இந்திய அரசு வரி போட்டபோது, அதே 3.5 சதவீதத்தை இந்திய மில் துணிக்கும் 1896இல் போடவைத்தது. முப்பது வருடம் கழித்துத்தான் அந்த வரி ஒழிந்தது.