குடுகுடுப்பையும் ஒற்றனும்: கொங்கு நாட்டில் நடக்கும் நகைச்சுவைச் சரித்திர நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டைக் களமாகக் கொண்டு உளவும் மாந்திரீகமும் சிரிப்பும் கலந்த சரித்திர நாவல் எழுத முனைவோர் முதலில் தடுமாறுவது காலத்தைக் குறிப்பதில்தான். ‘வெள்ளைக்காரன் காலம்’ என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொண்டு தொடங்கினால் யார் யாரை உளவு பார்க்கிறார்கள் என்பதே குழம்பிவிடும். ஆண்டைக் குறித்துக்கொண்டால் கதைக்கு வேண்டிய நெருக்கடி தானாகவே வந்து சேரும். 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) சேலம் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. கோயம்புத்தூர்ப் பகுதியோ, 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழும் வரை மைசூரிடமே இருந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் காவிரிக்குக் கிழக்கே திருச்செங்கோடும் சங்ககிரியும் கம்பெனிச் சீமை, மேற்கே ஈரோடும் பவானியும் மைசூர்ச் சீமை. ஒரு பரிசல் கடக்கும் தூரத்தில் இரண்டு அரசுகள். மக்களோ இரு கரையிலும் பங்காளிகளும் சம்பந்திகளும். ஒற்றர் கதைக்கு இதைவிட நல்ல களத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆண்டைக் குறித்த பிறகும் பொருள்களில் சறுக்குவது அடுத்த தவறு. 1795-இல் நடக்கும் கதையில் ஒற்றன் தீக்குச்சி உரசக் கூடாது. தீக்குச்சி இங்கிலாந்திலேயே 1827-இல்தான் விற்பனைக்கு வந்தது. அவன் சீமைக் கருவேலங்காட்டில் ஒளியவும் முடியாது, அந்த மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்தது. கிளுவை வேலியும் வெள்வேலமும் இருக்க, வந்தேறி மரம் எதற்கு? ரூபாயும் வேண்டாம், 1818-இல்தான் அது சென்னை மாகாணத்தின் பொது நாணயமாயிற்று. அதற்கு முன் கம்பெனிக் கணக்கில் நட்சத்திர வராகன் என்ற ஒரு பொன் நாணயத்துக்கு 42 பணம், மைசூர்க் கணக்கில் ஒரு வராகனுக்குப் பத்துப் பணம். மேல்கரைச் சந்தையில் மாடு விலை பேசும் ஒற்றன், பழக்கதோஷத்தில் கீழ்க்கரைக் கணக்கைச் சொல்லிவிட்டு, சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கையில் திருதிருவென விழிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். தகவலைச் சரிபார்ப்பது வறட்டு வேலை என்று நினைப்பவர்கள் இழப்பது இத்தகைய சிரிப்பைத்தான். 1800-01-இல் இப்பகுதி வழியே பயணம் செய்த கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானனின் குறிப்புகள் 1807-இல் நூலாக வந்தன. பயிர், நீர்ப்பாசனம், நெசவு என்று ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்தக் காலத்தைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒற்றன் மாட்டிக்கொள்ளும் இடத்திலெல்லாம் மந்திரத்தைக் கொண்டுவந்து அவனை விடுவிப்பது. மை போட்டுப் பார்த்தால் எதிரியின் திட்டம் தெரிந்துவிடும் என்றால் ஒற்றன் எதற்கு, ஓலை எதற்கு? மாந்திரீகம் ஒற்றனுக்குப் புதிய தொல்லைகளைத் தர வேண்டுமேயன்றி அவன் வேலையைத் தானே செய்து முடித்துவிடக் கூடாது.

குடுகுடுப்பைக்காரர் வேடத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் பொழுது விடியுமுன் வந்து குறி சொல்லிப் போவார். விடிந்த பிறகு அதே வீடுகளுக்கு வந்து தானியமும் பழந்துணியும் வாங்கிக்கொள்வார். ஒரே வீட்டுக்கு யாரும் சந்தேகிக்காமல் இருமுறை வருவதற்கு இதைவிடப் பொருத்தமான வேடம் ஏது? இருட்டில் செய்தியைச் சொல்லிவிட்டு வெளிச்சத்தில் பதிலை வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் குடுகுடுப்பைக்காரர் மந்திரத்தால் நாயின் வாயைக் கட்டிவிடுவார் என்பது ஊரின் நம்பிக்கை. நம் போலி ஆள் தெருமுனையில் ‘நல்ல காலம் பொறக்குது’ என்று உடுக்கையை ஆட்டியதும் ஊர் நாய்கள் அத்தனையும் குரைத்துக்கொண்டு வந்தால் அவன் வேடம் அந்த நொடியே கலைகிறது. சங்கேதமாக அவன் சொன்ன குறி தற்செயலாகப் பலித்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். பண்ணாடி, அதாவது நிலக்காரர், அவனைத் திண்ணையில் உட்காரவைத்து, “இருந்து நாலு நாள் சாப்பிட்டுட்டுப் போங்க சாமி” என்று உபசரிப்பார், ஓலையோ மடியிலேயே கிடக்கும். இங்கே நம்பிக்கை, உளவு, சிரிப்பு மூன்றும் ஒரே முடிச்சில் இருக்கின்றன. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் நில்லா. நகைச்சுவைக்கென்று தனியாக ஒரு கோமாளிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவோர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நம்பிக்கையைக் கிண்டலடிப்பதும் தவறு. காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இன்றும் இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, பூப்போட்டுக் கேட்ட பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இம்முறை என்ன பொருள் என்று காங்கேயத்துக்காரர்கள் விசாரித்துக்கொள்கிறார்கள். அவர்கள்தாம் உங்கள் வாசகர்கள். நம்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் காட்சியை அவர்கள் மன்னிக்க மாட்டார்கள்; நம்பாமல் வந்து நாயிடம் மாட்டிக்கொண்டவனைப் பார்த்து அவர்களே வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அமானுஷ்யத்தை எந்த அளவில் நிறுத்துவது என்பதற்குப் பவானி சங்கமேசுவரர் கோயிலில் ஒரு பாடம் உண்டு. கோயம்புத்தூர் கலெக்டர் வில்லியம் காரோ வேதநாயகி அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த தந்தக் கட்டில் அங்கே இருக்கிறது. அதில் 1804 ஜனவரி 11 என்ற தேதியுடன் அவர் கையொப்பம் உள்ளது. தூங்கிக்கொண்டிருந்தவரை ஒரு சிறுமி எழுப்பி வெளியே அழைத்து வந்ததாகவும், அடுத்த கணமே கட்டடம் இடிந்து விழுந்ததாகவும் ஊரார் சொல்கிறார்கள். கட்டில் கண்ணெதிரே இருக்கிறது, சிறுமி யார் என்பது கேட்பவர் மனத்துக்கு விடப்பட்டிருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் எல்லா மர்மத்தையும் கயிறு, கண்ணாடி, பாதரசம் என்று விளக்கித் தீர்ப்பவர்களும், எல்லாவற்றையும் பேய் என்று முடிப்பவர்களும் இந்த அழகை இழந்துவிடுகிறார்கள்.

பேச்சுநடையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. கொங்குத் தமிழ் என்றால் ‘ஏனுங்க’ என்று எல்லா வாக்கியத்திலும் ஒட்டவைப்பது மேடைப் பழக்கம். மரியாதை எந்த நேரத்தில் நிற்கிறது, எந்த நேரத்தில் உடைகிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. “உண்மையச் சொல்லீட்டீங்கன்னா உங்களுக்கு நல்லதுங்க, இல்லீன்னா கெணத்துல போட்டுருவமுங்க” என்று மிரட்டும் ஆள் சிரிக்கவும் வைப்பான், பயமும் காட்டுவான்.

தீரன் சின்னமலை போன்றோரைக் கதைக்குள் இழுத்துவந்து விளையாடவும் வேண்டாம். 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவரின் பெயர் இங்கே வீட்டுக்கு வீடு மதிப்போடு சொல்லப்படுகிறது. அவர் கோட்டை கட்டியிருந்த ஓடாநிலையிலிருந்து ஓர் ஆள் வந்தான் என்று குறிப்பிட்டு, அவரைக் காட்சிக்கு வெளியே நிறுத்துவதே முறை. கதையின் பந்தயத்தையும் அதற்கேற்பச் சிறிதாக்குங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் காப்பாற்றப் புறப்படும் ஒற்றன் தோற்பான் என்பது முதல் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரியும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்ட மச்சானைப் படை வருவதற்குள் பரிசலில் ஏற்றிவிட வேண்டும் என்று அவன் புறப்பட்டால், அவன் வெல்வானா தோற்பானா என்பதை எந்த வரலாற்று நூலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.