லினக்ஸில் தறி ஓட்டலாம் வாங்க: ப்யூர் டேட்டா முதல் பாடம்

"ஏனுங்ண்ணா, நீங்க சொன்னதெல்லாம் போட்டாச்சு. சத்தம் மட்டும் வரமாட்டேங்குது."

எதிர்வீட்டுத் தம்பி லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கோயமுத்தூரில் கல்லூரி படிக்கிறவன். கணினியில் சொந்தமாக ஒலி உருவாக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு நாளாக எதை எதையோ நிறுவி, அழித்து, மறுபடி நிறுவியிருக்கிறான். திறந்து பார்த்தால் மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு.

தறியின் பாவில் (நீளவாக்கில் ஓடும் இழைகளில்) ஒரு இழை அறுந்தால் துணி முழுவதையும் பிரிப்பதில்லை. எந்த இழை என்று பார்த்து, அங்கே மட்டும் முடிச்சுப் போட்டுவிட்டுத் தறியை ஓட்டுவோம். லினக்ஸில் சத்தம் வராததும் அதே கதைதான். சத்தம் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக்கொண்டே போனால், அறுந்த இடம் தானாகத் தெரியும். இந்தப் பதிவில் அந்த வரிசையிலேயே போவோம். கடைசியில் ஒரு விசைத்தறிச் சத்தத்தை நாமே செய்வோம். சோமனூர்க்காரன் வேறு என்ன செய்வேன்?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

எந்த லினக்ஸ், எந்த மென்பொருள்

நான் பயன்படுத்துவது உபுண்டு ஸ்டுடியோ 24.04. 2007-இல் இருந்து வந்துகொண்டிருக்கும் பதிப்பு வரிசை இது. ஒலி, ஒளி வேலைக்கென்றே தயார் செய்தது. சாதாரண உபுண்டுவிலும் இதெல்லாம் ஓடும். ஆனால் தாமதம் குறைந்த கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), ஒலிக்கு முன்னுரிமை தரும் அமைப்புகள் எல்லாவற்றையும் அங்கே நாமே பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். முதல்முறை வருகிறவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

கணினி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. என்னுடையது காந்திபுரத்தில் வாங்கிய பழைய லேப்டாப், 8 ஜிபி ராம். நன்றாகவே ஓடுகிறது.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். பென்டிரைவில் இருந்த பழைய கோப்புகள் எல்லாம் போய்விடும், கல்யாண போட்டோ ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. அப்படி ஓட்டி, யூடியூபில் ஒரு பாட்டுப் போட்டுச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள்.

மென்பொருள் எது? சூப்பர்கொலைடர், சிசவுண்ட், ப்யூர் டேட்டா என்று பல இருக்கின்றன. முதல் இரண்டிலும் நிரல் எழுத வேண்டும். ப்யூர் டேட்டாவில் பெட்டிகளை வரைந்து கம்பியால் இணைத்தால் போதும், அதுவே நிரல். மில்லர் பக்கெட் 1990-களில் எழுதியது. அதற்கு முன்பே, 80-களில், பாரிஸில் இருக்கும் இர்காம் ஆய்வகத்தில் மேக்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கியவர் அவர். 1957-இல் பெல் ஆய்வகத்தில் கணினியை இசைக்க வைத்த மேக்ஸ் மேத்யூஸ் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். மேக்ஸ் விலைக்கு விற்பது. ப்யூர் டேட்டா இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

முதலில் மெனுவில் தேடுங்கள், ஏற்கெனவே இருந்தால் சரி. இல்லையென்றால் சினாப்டிக் என்ற நிறுவும் கருவியில் ப்யூர்டேட்டா என்று இடைவெளி விடாமல் தேடி நிறுவுங்கள். பழைய பாடங்களைப் படித்துவிட்டு "பிடி எக்ஸ்டெண்டட்" என்பதைத் தேடிக்கொண்டு அலையாதீர்கள். அதைப் பராமரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கூடவே கியூபிடபிள்யூகிராஃப் என்ற சின்ன மென்பொருளும் வேண்டும். அது எதற்கென்று பிறகு தெரியும்.

முதல் முடிச்சு: ஜாக்

ப்யூர் டேட்டாவைத் திறந்தால் வெள்ளையாக ஒரு சன்னல் வரும். அதன் மேலே மீடியா மெனு. அதில் ஆல்சா, ஜாக் என்று பெயர்கள் இருக்கும். ஜாக்கைத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் ஆல்சா வேண்டாம்? சவுண்ட் கார்டு தெருக்குழாய் மாதிரி. உங்கள் கணினியில் பைப்வயர் என்ற ஒலி சேவை ஏற்கெனவே அதில் குடத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறது. பிரவுசர், வீடியோ எல்லாம் அதனிடமிருந்துதான் பிடித்துக்கொள்கின்றன. ஆல்சா வழியாகப் போனால் ப்யூர் டேட்டா நேராகக் குழாயடிக்குப் போய்ச் சண்டை போடும். சாதனம் வேறு வேலையில் இருக்கிறது என்று பிழைச்செய்தி வரும், சத்தம் வராது. ஜாக் வழி போனால் பைப்வயரே அதற்கும் பங்கு கொடுத்துவிடும். ஜாக் என்பது இந்த மாதிரித் தொழில்முறை ஒலி மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காகப் பல வருடம் முன்பே வந்த ஏற்பாடு. பைப்வயர் அதே பாஷையைப் பேசுகிறது.

அடுத்து, அதே சன்னலில் டிஎஸ்பி என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். இதுதான் மெயின் சுவிட்ச். இதைப் போடாமல் அரை மணி நேரம் கம்பி இழுத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கண்ட்ரோலும் சாய்கோடும் அமுக்கினால் ஆன், கண்ட்ரோலும் புள்ளியும் அமுக்கினால் ஆஃப். இரண்டாவதை விரல் நுனியில் வைத்துக்கொள்ளுங்கள். காது கிழிகிற மாதிரி ஏதாவது வந்தால் உடனே நிறுத்த அதுதான் வழி.

இப்போது மீடியா மெனுவில் டெஸ்ட் ஆடியோ அண்டு மிடி. திறக்கும் படத்தில் 60, 80 என்று இரண்டு அளவுகள் இருக்கும். 60-ஐ மட்டும் சொடுக்குங்கள். ஹெட்போனைக் காதில் மாட்டாமல், கழுத்தில் போட்டுக்கொண்டு சொடுக்குங்கள். ஒரு சீரான "ஊ…" கேட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது முடிச்சு: எந்த வாசல்

கேட்கவில்லையா? கியூபிடபிள்யூகிராஃபைத் திறங்கள். இதை எழுதியவர் ரூய் நூனோ கபேலா, ஜாக் உலகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் கியூஜாக்கண்ட்ரோலும் அவருடையதுதான். கணினிக்குள் ஒலி போகும் பாதைகள் எல்லாம் திரையில் கம்பிகளாகத் தெரியும். ப்யூர் டேட்டா என்ற பெட்டியிலிருந்து புறப்படும் கம்பி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். தம்பியின் கணினியில் அது எச்டிஎம்ஐ என்ற பெட்டியில் முடிந்திருந்தது. கம்பியைச் சொடுக்கி, டெலீட் அழுத்தி அகற்றினேன். ப்யூர் டேட்டாவின் வலப்பக்க நுனிகளிலிருந்து அனலாக் ஸ்டீரியோ என்ற பெட்டியின் இடப்பக்க நுனிகளுக்கு இரண்டு கம்பி இழுத்தேன். அவ்வளவுதான், இரண்டு நாள் பிரச்சினை தீர்ந்தது. அவன் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது.

கம்பி சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் பணிப்பட்டையில் இருக்கும் ஸ்பீக்கர் சின்னத்தைப் பாருங்கள், மியூட்டில் இருக்கலாம். சிரிக்காதீர்கள், நடக்கிறதுதான்.

சத்தம் வருகிறது, ஆனால் பொரிகடலை வறுப்பது போல் பொரிகிறதா? பஃபர், அதாவது ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும் இடம், போதவில்லை. மெனுவில் உபுண்டு ஸ்டுடியோ ஆடியோ கான்ஃபிகரேஷன் என்று ஒரு கருவி உண்டு, அதில் பஃபர் அளவைக் கூட்டுங்கள். கணக்கு எளிது. வினாடிக்கு 48000 சாம்பிள் (ஒலியின் ஒவ்வொரு அளவெடுப்பும் ஒரு சாம்பிள்) என்றால், 256 சாம்பிள் பஃபர் கிட்டத்தட்ட 5.3 மில்லி வினாடித் தாமதம். அந்த நேரத்தில் காற்றில் சத்தம் ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். 1024 வைத்தால் 21 மில்லி வினாடி, அதாவது 7 மீட்டர். தறிக்குடோனின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடித் தறியைக் கேட்பதற்குச் சமம். கீபோர்டு வாசிக்கிறவருக்கு இது உறுத்தும். பெட்டி அடுக்கிப் பழகுகிற நமக்கு 1024 தாராளம். 64 வைத்துத்தான் ஆவேன் என்று அடம்பிடிப்பதால் ஒரு லாபமும் இல்லை.

முதல் பெட்டிகள்

கண்ட்ரோல், என் அழுத்தினால் வெற்றுத் தாள் வரும். கண்ட்ரோல், 1 அழுத்தினால் ஒரு பெட்டி சுட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். வேண்டிய இடத்தில் வைத்து ஓ, எஸ், சி என்று தட்டி, ஒட்டியே ~ குறி போட்டு, இடைவெளி விட்டு 220 என்று எழுதுங்கள். ~ குறி விசைப்பலகையில் 1-க்கு இடதுபுறம், ஷிஃப்டோடு வரும். பெயரில் ~ இருந்தால் அந்தப் பெட்டியில் ஓடுவது ஒலி. இல்லாவிட்டால் வெறும் எண்ணும் கட்டளையும்.

அதன் கீழே இரண்டாவது பெட்டி: பெருக்கல் குறியாக நட்சத்திரம், ஒட்டியே ~, இடைவெளி, 0.1. இது சத்தத்தைப் பத்தில் ஒன்றாக்கும். இதை விட்டுவிட்டு இணைத்தால் முழு வேகத்தில் காதில் அறையும். மூன்றாவது பெட்டி: டி, ஏ, சி, ~. இதுதான் ஸ்பீக்கருக்குப் போகும் வாசல்.

பெட்டியின் கீழ்விளிம்பில் இருக்கும் சின்ன நுனியிலிருந்து அடுத்த பெட்டியின் மேல்விளிம்பு நுனிக்குக் கம்பியை இழுங்கள். கடைசிப் பெட்டிக்கு மேலே இரண்டு நுனி இருக்கும், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. இரண்டுக்கும் இழுங்கள். டிஎஸ்பி ஆனில் இருந்தால் 220 ஹெர்ட்ஸ் கேட்கும்.

பெட்டியைச் சுற்றிப் புள்ளிக்கோடு வந்தால் பெயர் தவறு என்று பொருள். எனக்கு ஒருமுறை எல்லாப் பெட்டியும் புள்ளிக்கோடாகவே வந்தது. விசைப்பலகை தமிழ் 99-இல் இருந்திருக்கிறது.

தறி

கைத்தறிக்கு ஒரு சத்தம், விசைத்தறிக்கு ஒரு சத்தம். விசைத்தறியில் நாடா (ஊடை நூலைச் சுமந்து போகும் கட்டை) ஒரு பக்கமிருந்து அடிபட்டு மறுபக்கப் பெட்டியில் போய் மோதும் சத்தத்தைத்தான் செய்யப் போகிறோம். எங்கள் வீட்டுப் பழைய தறி நிமிடத்துக்கு 120 பிக் ஓடும், அதாவது நாடா 120 தடவை போகும். அப்படியென்றால் 500 மில்லி வினாடிக்கு ஒரு அடி.

புதுத் தாள். கண்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தினால் ஒரு சதுரக் கட்டம் வரும், இது தறியின் சுவிட்ச். அதன் கீழே ஒரு பெட்டியில் மெட்ரோ 500 (ரயிலுக்கு எழுதும் அதே எழுத்துகள்தான்). அதன் கீழே கண்ட்ரோல், 2 அழுத்திச் செய்திப் பெட்டி வைத்து, அதில் இப்படி எழுதுங்கள்: 1, 0 80. காற்புள்ளி முக்கியம். "உடனே 1-க்குத் தாவு, பிறகு 80 மில்லி வினாடியில் 0-க்கு இறங்கு" என்று அதற்குப் பொருள். அதன் கீழே லைன்~ என்ற பெட்டி. இறங்குகிற வேலையைச் செய்வது இதுதான். நான்கையும் மேலிருந்து கீழே வரிசையாக இணையுங்கள்.

பக்கத்தில் நாய்ஸ்~ என்று ஒரு பெட்டி. வெறும் இரைச்சல், மழை பெய்வது போல இருக்கும். அதன் கீழே பேண்ட் பாஸ் என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகளைப் போட்டு, ~, பிறகு 900 5. (தமிழில் இரண்டும் பி என்றே வருவதால் இப்படிச் சுற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.) 900 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கம் இருப்பதை மட்டும் விட்டு மற்றதை இது வடிகட்டும். 5 என்பது வடிகட்டும் கூர்மை. நாய்ஸ்~ பெட்டியிலிருந்து இதன் இடது நுனிக்கு ஒரு கம்பி இழுங்கள்.

இப்போது வெறும் நட்சத்திரம் ~ என்று ஒரு பெட்டி. இடது நுனிக்கு வடிகட்டியிலிருந்து ஒரு கம்பி, வலது நுனிக்கு லைன்~ பெட்டியிலிருந்து ஒரு கம்பி. அதற்குக் கீழே சத்தத்தைக் குறைக்க 0.2 போட்ட இன்னொரு நட்சத்திரப் பெட்டி, அப்புறம் டி, ஏ, சி, ~. கண்ட்ரோல், ஈ அழுத்தித் திருத்தும் நிலையிலிருந்து வெளியே வாருங்கள், கைச்சின்னம் அம்புக்குறியாக மாறும். சதுரக் கட்டத்தைச் சொடுக்குங்கள்.

டக். டக். டக். டக்.

ஒரு தறி மட்டும் ஓடினால் அது குடோனே இல்லை. மறுபடி கண்ட்ரோல், ஈ அழுத்தித் திருத்தும் நிலைக்குப் போங்கள். டி, ஏ, சி பெட்டியையும் சுவிட்சையும் தவிர மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், டி அழுத்தினால் நகல் வரும். இரண்டு நகல் எடுத்து, மூன்று மெட்ரோவையும் அந்த ஒரே சுவிட்சோடும், மூன்றின் கடைசிப் பெட்டியையும் அந்த ஒரே வாசலோடும் இணையுங்கள். மெட்ரோ எண்ணை ஒன்றில் 503 ஆகவும் இன்னொன்றில் 497 ஆகவும் மாற்றுங்கள். திருத்தும் நிலையிலிருந்து வெளியே வந்து, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மூன்று தறியும் ஒன்றாகத் தொடங்கி, மெல்ல விலகி, ஒன்றையொன்று முந்தி, மறுபடி சேரும். 500-உம் 503-உம் மறுபடி ஒன்றாக அடிக்கச் சுமார் 84 வினாடி ஆகும். குடோன் வாசலில் நின்று கவனித்தவர்களுக்கு அந்தச் சேர்க்கை தெரியும், தனித்தனியாகப் பொரிந்துகொண்டிருக்கும் அடியெல்லாம் திடீரென்று ஒரே அடியாக விழும்.

கண்ட்ரோல், எஸ் அழுத்திச் சேமித்துவிடுங்கள்.

இதை முதலில் செய்து முடித்த அன்று எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, சின்ன ஸ்பீக்கரும் சார்ஜில் இருந்தது. சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "கரண்ட் வந்துருச்சா கண்ணு? தறி ஓடற சத்தங் கேக்குதே."

கம்ப்யூட்டர்தானுங்மா என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இது நம்ம தறியில்ல. நம்முளுது இன்னுங் கொஞ்சம் கட்டையாக் கேக்கும்."

900-ஐ 600 ஆக்கினேன்.